பாஸ் கிதாரின் தொனிக் குமிழும் அதன் மின்தேக்கியும்

மின்கலம் ஏதுமின்றி இயங்கும் பாஸ் கிதார்களில் தொனிக் குமிழ் எந்த ஒலியையும் புதிதாகக் கூட்டுவதில்லை; தந்தியின் அதிர்வை மின் சமிக்ஞையாக மாற்றும் பிக்அப்பிலிருந்து வரும் உயர் அதிர்வெண்களில் ஒரு பகுதியைத் தரைக்கம்பிக்கு வடித்துவிடுவது ஒன்றே அதன் பணி. வடிக்கும் உறுப்பு கெபாசிட்டர் எனப்படும் மின்தேக்கி. எவ்வளவு வடியலாம் என்று நிர்ணயிப்பது அதனுடன் தொடராக இணைந்துள்ள மாறுமின்தடை, அதாவது குமிழைத் திருகும்போது அளவு மாறும் மின்தடை. அதிர்வெண் உயர உயர மின்தேக்கி காட்டும் எதிர்ப்பு குறைந்துகொண்டே போவதால், மிகத் தடித்த தந்தியின் 41 ஹெர்ட்ஸ் அடிநாதம் பெரும்பாலும் சேதமின்றி ஒலிபெருக்கியை அடைய, தந்தி மெட்டுகளில் மோதும்போது எழும் கூரிய ஓசைகள் தரைக்குப் போய்விடுகின்றன.

மின்தேக்கியின் கொள்ளளவு மைக்ரோஃபாரட் என்னும் அலகில் அளக்கப்படுகிறது. ஃபெண்டர் நிறுவனம் 1951இல் அறிமுகப்படுத்திய பிரிசிஷன் பாஸில், அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி இடம்பெற்றது. பின்னர் அது ஏறத்தாழ பாதியாகக் குறைக்கப்பட்டது. இன்று பாஸ் கிதார்களில் பரவலாகக் காணப்படுவது 0.047.

கொள்ளளவு கூடினால் ஒலி மங்கும் என்று மட்டும் சொல்லி நிறுத்துவது போதாது. பிக்அப் என்பது காந்தத்தைச் சுற்றிய கம்பிச்சுருள் ஆதலால், குமிழை முழுதும் மூடியதும் சுருளும் மின்தேக்கியும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒத்ததிர்வு கொள்கின்றன. அதற்கு மேற்பட்ட ஒலிகள் விரைவாகத் தேய்கின்றன. சுருளின் மின்தூண்டல் 5 ஹென்றி என்று கொண்டால், அந்த எல்லை 0.1 மைக்ரோஃபாரடுக்கு ஏறத்தாழ 225 ஹெர்ட்ஸிலும், 0.047க்கு 330 ஹெர்ட்ஸிலும், 0.022க்கு 480 ஹெர்ட்ஸிலும் அமைகிறது. முதலாவது அடர்ந்த, ஆழமான முழக்கத்தைத் தர, கடைசியானது குமிழ் மூடிய நிலையிலும் ஒவ்வொரு சுரமும் பிரிந்து கேட்கும் தெளிவைக் காப்பாற்றுகிறது. குமிழை மூடியே வாசிப்பவர்களுக்கு, இசைக்குழுவின் பிற கருவிகளுக்கிடையே சுரம் புதைந்துபோகாதிருக்க, 0.022 அல்லது 0.033 பெரும்பாலும் பொருத்தமானது.

குமிழை முழுதும் திறந்து வாசிப்பவர்களோ இதைப் பற்றிக் கவலைப்படவே வேண்டியதில்லை. அந்நிலையில் வழக்கமான 2,50,000 ஓம் மின்தடை வழியை மறித்து நிற்க, 1,000 ஹெர்ட்ஸில் 0.047 மின்தேக்கியின் எதிர்ப்பு சுமார் 3,400 ஓம் மட்டுமே என்பதால், எந்த மதிப்பைப் பொருத்தினாலும் காதுக்கு வேறுபாடு தெரியாது. எண்ணெய் தோய்ந்த காகிதத்தால் ஆன பழைய வகை மின்தேக்கிகளுக்குப் பெரும் விலை கொடுப்போர் உண்டு. எனினும் கொள்ளளவு ஒன்றாக இருந்தால் மலிவான பிளாஸ்டிக் படல மின்தேக்கியும் இச்சுற்றில் அதே வேலையைச் செய்கிறது. பிக்அப் தரும் மின்னழுத்தம் மிகச் சிறியது ஆதலால், உயர் மின்னழுத்தம் தாங்கும் வகையும் தேவையில்லை.

மின்தேக்கியின் மேல் அச்சிட்ட மூன்று இலக்கங்களில் முதல் இரண்டு எண்ணையும் மூன்றாவது அதன் பின் வரும் சுழியங்களையும் பைக்கோஃபாரடில் குறிப்பதால், 223 என்பது 0.022 மைக்ரோஃபாரடையும், 473 என்பது 0.047ஐயும், 104 என்பது 0.1ஐயும் சுட்டும். இம்மூன்றையும் வாங்கி, சால்டர் வைப்பதற்கு முன் கவ்விக் கம்பிகளால் ஒவ்வொன்றாக இணைத்து, வழக்கமாகப் பயன்படுத்தும் தந்திகளிலும் ஒலிபெருக்கியிலும் வாசித்துப் பார்த்த பின்னரே ஒன்றைத் தேர்வது நல்லது.