ஏ9 ரோட்டில் சித்தப்பாவும் சித்தியும்

ஓசூர் சிப்காட்டில் வேலை செய்யும் என் சித்தப்பா, சித்தியோடு இலங்கைக்குப் போய் கார் எடுத்துச் சுற்றி வந்தார். அங்கேயும் இடது பக்கம்தான் ஓட்டணும். ஆனால் நம்ம லைசென்ஸ் மட்டும் போதாது, அந்த நாட்டு அனுமதியும் வாங்கணும். கண்டி மலை, தேயிலைத் தோட்டம் எல்லாம் அழகுதான். நான் சொல்ல வந்தது ஏ9 ரோட்டைப் பற்றி.

இது கண்டியில் தொடங்கி தம்புள்ளை, வவுனியா, கிளிநொச்சி வழியாக யாழ்ப்பாணம் போகிறது. சுமார் 320 கி.மீ. ஓசூரில் இருந்து திண்டுக்கல் தூரம்னு வெச்சுக்கோங்க. யாழ்ப்பாணத்துக்கு முக்கியமான தரைவழி இதுதான். போரில் பல வருஷம் மூடிக் கிடந்தது. 2002-ல் சண்டை நிறுத்தம் வந்ததும் திறந்தாங்க. 2006 ஆகஸ்டில் மறுபடி மூடிட்டாங்க. அப்போ அரிசி, மருந்துகூட கப்பலில்தான் போகணும். விலை ஏறாம இருக்குமா? நம்ம ஊர் என்.எச். 44-ஐ ஒரு வாரம் மூடினாலே கம்பெனிக்குச் சாமான் வராதுன்னு சித்தப்பா சொன்னார். 2009-ல் போர் முடிந்த பிறகுதான் மக்கள் பழையபடி போய் வர முடிந்தது.

ஆனையிறவில் காரை நிறுத்தினாங்களாம். ரெண்டு பக்கமும் கடல்நீரேரி, நடுவில் ரோடு. குடாநாட்டுக்கு வாசல் மாதிரி இருக்கும் இந்த இடத்துக்காக 1991-லும் 2000-லும் பெரிய சண்டை நடந்தது. வழியெல்லாம் போட்டோ எடுத்த சித்தி, அங்கே மட்டும் எடுக்கலையாம்.