மெல்லிய அலுமினியம் கோணுவதேன்?

யாழ்ப்பாணத்துத் தச்சுப் பட்டறைகளிலே பழகியோர் ஒரு காட்சியை நன்கறிவர். நன்கு காயாத வேப்பம் பலகையொன்றின் ஒரு பக்கத்தை மாத்திரம் சீவுளியாற் சீவி வைத்துவிட்டு மறுநாட் காலையில் வந்து பார்த்தால், முதல்நாள் மட்டமாக இருந்த பலகை கூனிக் கிடக்கும். அதனை எவரும் வளைத்தாரில்லை. பலகையினுள்ளே அடங்கியிருந்த ஈரமும் இறுக்கமும் ஒரு பக்கம் நீங்கியதும் சமநிலை இழந்து, அதனை வளைத்துவிட்டன. இதனையறிந்த முதிய தச்சர் மரத்தை நிழலிலே பதமாகக் காயவிடுவார். சீவும்போதும் இரு பக்கங்களையும் மாறி மாறிச் சீவுவார்.

மரத்துக்குரிய இவ்வியல்பு உலோகத்துக்கும் உண்டு என்றால் நேயர்களுட் சிலர் வியப்படையக்கூடும். ஆயினும், அலுமினியத் துண்டொன்றை மெல்லியதாகக் கடைந்தெடுக்க முயன்ற எந்த லேத் தொழிலாளியும் இதனை மறுக்கமாட்டார்.

குடாநாட்டில் இது வெறும் ஏட்டுப் பாடமன்று. 1990ஆம் ஆண்டின் பின்னர் ஏ-9 பாதை அடைபட்டு, பெற்றோலும் உதிரிப் பாகங்களும் அருகிய காலத்திலே, பழைய ஒஸ்ரின் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடிய வரலாறு யாவரும் அறிந்ததே. அன்று தேய்ந்த உறுப்பைச் சீராக்குவதும், இல்லாத உறுப்பைப் புதிதாகக் கடைந்து கொடுப்பதும் உள்ளூர்ப் பட்டறைகளின் கடமையாயின. மாற்றுத் துண்டு கிடையாத இடத்தில் ஒரு துண்டு கோணிப் போனால், அதனோடு ஒரு வண்டியும் நின்றுபோகும். அதனை நம்பிய குடும்பத்தின் பிழைப்பும் நின்றுபோகும். ஆகவே கோணலின் காரணத்தை அறிவது கைத்தொழிலாளருக்கு இன்றியமையாததாகும்.

முதலில் அலுமினியத்தின் இயல்பை நோக்குதல் வேண்டும். அதன் விறைப்பு உருக்கின் விறைப்பில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே. வெப்பத்தால் விரிவதிலோ அது உருக்கைப் போல் ஏறத்தாழ இருமடங்கு விரியும். 100 மில்லிமீற்றர் விட்டமுள்ள அலுமினிய வளையம் 20 பாகை செல்சியஸ் சூடேறினால் அதன் விட்டம் ஏறக்குறைய 0.046 மில்லிமீற்றர் கூடிவிடும். சூடான நிலையில் அளந்து சரியென்று கழற்றிய துண்டு, ஆறியபின் சிறுத்துப் போவதன் காரணம் இதுவே. மேலும், ஒரு தகட்டின் தடிப்பைப் பாதியாக்கினால், வளைவை எதிர்க்கும் அதன் விறைப்பு பாதியாவதில்லை, எட்டிலொரு பங்காகிவிடுகின்றது. மெல்லிய துண்டுகளே பெருந்தொல்லை தருவதன் மருமம் இங்கேதான் உளது.

கோணலுக்கான காரணங்கள் மூன்று.

முதலாவது, பிடிப்பு. மூன்று தாடைகளையுடைய சக்கிலே மெல்லிய வளையமொன்றை இறுக்கிப் பிடித்தால், வளையம் சற்றே முக்கோணச் சாயல் கொள்ளும். அந்நிலையில் உட்புறத்தை வட்டமாகக் கடைந்து, பின்பு சக்கைத் தளர்த்தினால், வளையம் மீண்டெழும். கடைந்த வட்டமோ கெட்டுவிடும். இதிலொரு வஞ்சகமும் உண்டு. இவ்வாறு கெட்ட துளையை எதிரெதிர்ப் புள்ளிகளில் வைத்து அளந்தால், எப்பக்கமும் ஒரே விட்டமே காட்டும். ஓரிடத்தில் உள்ள மேடும் அதற்கு நேரெதிரே உள்ள பள்ளமும் ஒன்றையொன்று ஈடு செய்துவிடுவதே இதற்குக் காரணம். அளவு சரி, ஆனால் உறுப்புப் பொருந்தவில்லை என்று தொழிலாளி திகைப்பான். வளையத்தின் அளவுக்கே கடைந்த மென்தாடைகளாற் சுற்றிலும் பரவலாகப் பிடிப்பதும், பக்கவாட்டில் நெருக்காது முகப்பிலே அழுத்திப் பிடிப்பதும் இதற்கு மருந்தாகும்.

இரண்டாவது, வெட்டும் விசையும் சூடும். மழுங்கிய உளி உலோகத்தை வெட்டுவதிலும் பார்க்க உரசித் தள்ளுகின்றது. மெல்லிய சுவர் அவ்விசைக்கு விலகிக் கொடுத்து, உளி கடந்தபின் மீளும். ஆதலால் சுவர் ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் அமையும். கூரிய உளி, குறைந்த வெட்டு, இடையறாத குளிர்திரவம் ஆகிய மூன்றும் வேண்டும். உயர்ந்த சுவராயின் மேலிருந்து கீழாக, இரு பக்கமும் மாறி மாறிப் படிப்படியாக வெட்டினால், வெட்டப்படாத அடிப்பகுதி சுவரைத் தாங்கி நிற்கும். உட்குழிவான துண்டின் குழியிலே மெழுகை உருக்கி வார்த்துத் தாங்கல் கொடுப்பதும் உண்டு.

மூன்றாவது காரணமே கண்ணுக்குப் புலப்படாதது. அதுதான் உலோகத்துள் உறைந்திருக்கும் தகைப்பு. வலிமைமிக்க அலுமினியக் கலப்புலோகங்களை ஏறக்குறைய 500 பாகை வரை சூடாக்கி, உடனே நீரில் அமிழ்த்துவர். அப்போது வெளிப்புறம் முதலில் ஆறி இறுகும். உட்புறம் பின்னரே ஆறிச் சுருங்க முயலும். முடிவில் மேற்பரப்பு நெருக்குண்டும், நடுப்பகுதி இழுபட்டும் நிற்கும். கயிறிழுக்கும் போட்டியில் இரு கட்சியும் சம பலமாயின் கயிறு அசையாது நிற்பதுபோல், தகடும் அமைதியாய்க் கிடக்கும். ஒரு பக்கத்தை மாத்திரம் வெட்டி நீக்கினாலோ, ஒரு கட்சி கயிற்றைக் கைவிட்டது போலாகும். தகடு வளைந்துவிடும்.

இக்குறையைத் தணிக்க, ஆலைகளிலே தகட்டை நீரில் அமிழ்த்தியபின் அதன் நீளத்தில் நூற்றுக்கு ஒன்றரை முதல் மூன்று பங்குவரை இழுத்து நீட்டுவர். டி 651 என்று குறியிட்ட தகடு இவ்வாறு நீட்டப்பட்டதேயாகும். ஆகாய விமான உறுப்புகளைச் செய்யும்போது முழுக்கட்டியில் பத்தில் ஒன்பது பங்கைக்கூடச் சீவலாக்கி நீக்குவதுண்டு; அங்கு இத்தகைய தகடின்றி வேலை நடவாது.

நீட்டிய தகடு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், தொழிலாளி கைக்கொள்ள வேண்டிய ஒழுங்கு ஒன்றே. முதலில் இரு பக்கங்களிலும் சமமாக வெட்டி, இறுதி அளவுக்கு அரை மில்லிமீற்றரளவு மிச்சம் வைத்துக்கொள்ள வேண்டும். பின்பு பிடிப்பைத் தளர்த்தி, துண்டைத் தன் விருப்பப்படி வளைய விடவேண்டும். இயலுமாயின் ஓரிரவு கிடக்கட்டும். மறுநாள் வளைந்த துண்டை அழுத்தித் தட்டையாக்கிப் பிடித்தல் ஆகாது. தளர்த்தியதும் அது பழையபடி வளையும். இடைவெளியிலே மெல்லிய தகட்டுத் துண்டுகளைச் செருகி, அது கிடந்தவாறே மெதுவாகப் பிடித்து, இறுதிச் சீவலை எடுத்தல் வேண்டும்.

இவற்றுட் பெரும்பாலானவை விலையுயர்ந்த பொறிகளை வேண்டுவனவல்ல. கணினி இயக்கும் புதிய பொறியாயினும், பல்லாண்டு உழைத்த பழைய லேத்தாயினும், உலோகத்தின் இயல்பு ஒன்றே. வாடிக்கையாளர் வாசலிலே காத்து நிற்கும்போது, முக்கால் வேலை முடிந்த துண்டைக் கழற்றி ஒருநாள் சும்மா கிடக்க விடுவதற்கு மனவுறுதி வேண்டும். அவ்வுறுதி இல்லாதவிடத்து, ஒருநாளை மிச்சம் பிடிக்கப் போய்த் துண்டையே இழக்க நேரிடும். பதறாத காரியம் சிதறாது என்று முன்னோர் சொன்னது பட்டறைக்கும் பொருந்தும்.