மடத்திலிருந்து சேரிக்கு: அருட்சகோதரிகளின் நீதிப் பணியும் கொங்குப் பகுதி எழுப்பும் கேள்விகளும்

கோவை, திருப்பூர், ஈரோடு பகுதிகளில் கான்வென்ட் பள்ளியில் படித்தவர்களுக்கு 'சிஸ்டர்' என்றதும் ஓர் உருவம்தான் நினைவுக்கு வரும்: வெள்ளை உடை, தலையில் முக்காடு, காலை வழிபாட்டு வரிசையை நேராக்கும் கண்டிப்பான குரல். கத்தோலிக்க அருட்சகோதரிகள் என்றால் பள்ளி, கல்லூரி, மருத்துவமனை என்பதே பொதுவான எண்ணம். ஆனால் வீட்டு வேலை செய்யும் பெண்களைத் தொழிலாளர்களாகத் திரட்டியவர்களும், நிலக்கரிச் சுரங்கத்தை எதிர்த்துப் பழங்குடியினரோடு நின்றவர்களும், அப்பணியினூடே கொலையுண்டவர்களும் அதே முக்காட்டுக்குரியவர்கள்தாம். சேவையிலிருந்து உரிமைக்கு அவர்கள் நகர்ந்தது எப்படி, அந்த நகர்வு கொங்குப் பகுதியில் எதை எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதை விளக்க முயல்கிறது இக்கட்டுரை.

கொங்குப் பகுதிக்கும் பெண் துறவு சபைகளுக்கும் உள்ள உறவு பழையது. பிரெஞ்சு மறைப்பணியாளர் ஜோசப் லூயி ரவேல் 1853இல் கோவையில் தொடங்கிய சபையே பின்னாளில் 1948இல் நிர்மலா மகளிர் கல்லூரியை நிறுவியது. இன்று உலகெங்கும் பரவியுள்ள மரியின் பிரான்சிஸ்கன் மறைப்பணியாளர் சபை 1877இல் உதகமண்டலத்தில் பிறந்தது; அன்று அது கோவை மறைப்பகுதியின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது.

அதே கோவை மறைப்பகுதியின் முதல் ஆயர்களுள் ஒருவரான மரியோன் ப்ரெசிலாக் 1850களின் நடுவில் பதவி விலகிச் சென்றார். சாதி வழக்கங்களைத் திருச்சபைக்குள் எந்த அளவுக்கு அனுமதிக்கலாம் என்ற 'மலபார் சடங்கு'ச் சர்ச்சையில் தெளிவான விடை கிடைக்காமல் அவர் மனச்சான்று அலைக்கழிந்தது முக்கியக் காரணம். அவரைச் சாதி ஒழிப்புப் போராளியாக்க வேண்டியதில்லை. அவருடைய சிக்கல் பெரிதும் திருச்சபைச் சட்டம் பற்றியது. பிறகு அவர் 1856இல் லியோனில் ஆப்பிரிக்க மறைப்பணிச் சபையைத் தொடங்கினார். கோவையில் சாதி பற்றிய கேள்வி விடையின்றியே தங்கிவிட்டது.

அடுத்த நூறாண்டுகள் நிறுவனங்களின் காலம். பெண்கல்விக்கு அவை ஆற்றிய பங்கை மறுக்க முடியாது. ஆயினும் பள்ளி வளர வளர, கட்டணம் செலுத்த முடிந்த ஆலை முதலாளிகளின், தோட்டக்காரர்களின் வீட்டுப் பெண்களே வகுப்பறையின் முன்வரிசைக்கு வந்தனர். கூலி வேலை செய்வோரின் மகள்கள் தருமப் பட்டியலில் இடம்பெற்றனர். தருமம் பெறுபவர் நன்றி சொல்லலாம். கணக்குக் கேட்க முடியாது. சேவைக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம், துறவு சபைகள் தத்தம் தொடக்க நோக்கத்திற்குத் திரும்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. பல சகோதரிகள் பெரிய மடங்களை விட்டு, இருவர் மூவராகச் சேரிகளிலும் சிற்றூர்களிலும் வாடகை வீடெடுத்துத் தங்கத் தொடங்கினர். துறவு வாழ்வின் அமைப்பே இதற்கு உதவியது. ஏழ்மை வார்த்தைப்பாடு எடுத்தவருக்குச் சொந்த நிலமில்லை. ஊதியம் சபையின் பொதுநிதிக்குச் செல்கிறது. காக்க வேண்டிய குடும்பச் சொத்தோ சாதிக்குள் முடிக்க வேண்டிய மகளின் திருமணமோ அவருக்கு இல்லை. மறுபுறம், கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடும் உண்டு. ஒரு மாறுதல் கடிதம் பத்தாண்டுப் பணியை முடித்துவிடும். இவர்கள் குருக்கள் அல்லர் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஆயர் ஆகும் வாய்ப்பு எப்பெண்ணுக்கும் இல்லை.

இந்த நகர்வுக்குத் தமிழ்நாட்டோடு தொடர்புள்ள சிறந்த எடுத்துக்காட்டு வீட்டு வேலைத் தொழிலாளர் இயக்கம். 1897இல் குமரி மாவட்டத்து முளகுமூட்டில் வேர்கொண்ட ஒரு சபையைச் சேர்ந்தவர் பெல்ஜியத்துச் சகோதரி ஜான் தெவோஸ். 1963இல் இந்தியா வந்த அவர், 1985இல் தேசிய வீட்டு வேலைத் தொழிலாளர் இயக்கத்தைத் தொடங்கினார். 'வேலைக்காரி' என்ற சொல்லை மறுத்துத் 'தொழிலாளி' என்ற சொல்லை நிலைநாட்டியதே அதன் முதல் போராட்டம் எனலாம். சொல் மாறினால் சட்டம் மாற வேண்டியிருக்கும். தொழிலாளிக்குக் குறைந்தபட்சக் கூலி உண்டு, விடுப்பு உண்டு, சங்கம் உண்டு. வேலைக்காரிக்குப் பழைய சேலையும் மீந்த சோறும்தான்.

இவ்வியக்கமும் பிற தொழிற்சங்கங்களும் தொடர்ந்து வலியுறுத்தியதன் பயனாக 2007இல் தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நல வாரியம் அமைந்தது. 2011இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 189ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா அதற்கு இன்றுவரை ஏற்புறுதி அளிக்கவில்லை. தனிச்சட்டம் இயற்றுவது பற்றி ஆராயுமாறு 2025 சனவரியில் உச்ச நீதிமன்றம் ஒன்றிய அரசிடம் கூறியது.

வடக்கே விலை இன்னும் கடுமையாக இருந்தது. மத்தியப் பிரதேசத்தில் ஏழை உழவர்களைக் கந்துவட்டிப் பிடியிலிருந்து விடுவிக்கத் திரட்டிய சகோதரி ராணி மரியா, 1995 பிப்ரவரி 25 அன்று பேருந்துப் பயணத்தின்போது குத்திக் கொல்லப்பட்டார். ஜார்க்கண்டின் பச்சுவாராவில் சந்தால் மக்களோடு வாழ்ந்து, நிலக்கரிச் சுரங்கத்திற்கு எதிரான அவர்களது போராட்டத்தில் நின்ற சகோதரி வல்சா ஜான், 2011 நவம்பர் 15 இரவு ஒரு கும்பலால் கொல்லப்பட்டார். பீகாரில் முசகர் சமூகப் பெண்களிடையே பணியாற்றிவரும் சகோதரி சுதா வர்கீசுக்கு 2006இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மூவருமே கேரளத்தில் பிறந்தவர்கள். மூவருமே நிறுவனத்தின் மதிலுக்கு வெளியே வாழத் துணிந்தவர்கள்.

இனி சூழலியல். 2015இல் திருத்தந்தை பிரான்சிசு வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடல், பூமியின் துயரையும் ஏழைகளின் துயரையும் பிரித்துப் பார்க்கக் கூடாது என்கிறது. மரக்கன்று நடுவதும் நெகிழிப் பையைத் தவிர்ப்பதும் அதன்பின் பள்ளிகளில் பெருகின. தவறில்லை. ஆனால் கொங்குப் பகுதியில் சூழலியல் என்பது முதலில் நொய்யல்; நொய்யலைத் தொட்டால் சாதியைத் தொடாமல் இருக்க முடியாது.

பருத்தித் துணியில் சாயம் நிலைக்க உப்பு ஏராளமாகச் சேர்க்கப்படுகிறது. அந்த உப்பும் சாயமும் கலந்த திருப்பூர்ப் பட்டறைக் கழிவுநீர், 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்திற்கென்று கட்டிய அணை கழிவுத் தொட்டியாயிற்று, கிணறுகள் உவர்த்தன. விவசாயிகள் வழக்குத் தொடுத்தனர். 2011 சனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. அதற்கு முன்பே, வேலூர் தோல் ஆலை வழக்கையொட்டி அமைந்த இழப்பீட்டு ஆணையம் 68 ஊர்களில் 28,596 விவசாயிகளுக்கு ஏறத்தாழ 25 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்திருந்தது. நியாயமான வெற்றிதான். ஆனால் அந்த இழப்பீடு கெட்டுப்போன நிலத்திற்குக் கணக்கிடப்பட்டது. அந்நிலத்தில் களையெடுத்தும் நாற்று நட்டும் பிழைத்த அருந்ததியர் பெண்ணிடம் பட்டா இல்லை. நிலம் கெட்டபோது அவர் இழந்தது கூலி வேலை முழுவதையும். நிலமற்றவரின் இழப்புக்கு அந்தக் கணக்கில் பத்தியே இல்லை. அவருடைய மகள் பஞ்சாலை விடுதிக்குப் போயிருந்தால் அதுவும் நொய்யலின் கதையே.

நகருக்குள் வேறொரு வடிவம். கோவையின் குளங்களை அழகுபடுத்தும் திட்டங்களுக்காக முத்தண்ணன் குளக்கரை போன்ற இடங்களில் வாழ்ந்த குடும்பங்கள் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி போன்ற புறநகர் அடுக்கு வீடுகளுக்கு அனுப்பப்பட்டன. குளம் காப்பாற்றப்பட வேண்டியதே. ஆனால் அதன் விலையாக, நகருக்குள் வீட்டு வேலையும் தூய்மைப் பணியும் செய்யும் பெண்கள் ஒவ்வொரு நாளும் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தை இழக்கின்றனர். 2019 டிசம்பர் 2 அதிகாலை, மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் சரிந்த உயர்ந்த சுற்றுச்சுவர் 17 தலித் உயிர்களைக் கொன்றது. மழை எல்லார்மீதும் பெய்தது. சுவர் யார் வீட்டின்மீது விழுந்தது என்பதை எழுபது எண்பது ஆண்டுக் குடியிருப்பு வரைபடம் முன்பே தீர்மானித்துவிட்டிருந்தது.

ஆகவே, கொங்குப் பகுதியில் சூழல் நீதி பேச முன்வரும் அருட்சகோதரிக்கு மரக்கன்றைவிடக் கடினமான கேள்விகள் காத்திருக்கின்றன. நிலமுள்ளவரும் நிலமற்றவரும் ஒரே ஆற்றங்கரையில் பாதிக்கப்படும்போது யாருடைய இழப்பைப் பதிவு செய்வது? தம் பள்ளியின் கழிப்பறையைத் தூய்மை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளிக்குக் குறைந்தபட்சக் கூலி கிடைக்கிறதா? வெளிநாட்டு நிதிச் சட்டத்தில் 2020இல் செய்த திருத்தம் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைத்து, பெற்ற நிதியை வேறு அமைப்புக்கு மாற்றுவதையும் தடுத்துவிட்டது. களப்பணியாளர் ஊதியத்தை நம்பியிருக்கும் உரிமைப் பணிக்கு இது பெரிய அடி. கட்டணத்தில் நடக்கும் பள்ளிக்கு அவ்வளவு பாதிப்பில்லை. மீண்டும் மதிலுக்குள் திரும்பிவிடும் ஆசை எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதுவும் ஒரு விடை.

மதிலுக்குள்ளும் கேள்வி உண்டு. தலித் கத்தோலிக்கர்மீது பாகுபாடு நிலவுவதை இந்திய ஆயர் பேரவையே 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் ஒப்புக்கொண்டது. பெண் துறவு சபைகள் தம் தலைவியரைத் தாமே தேர்ந்தெடுக்கின்றன. ஆயர் நியமனத்திற்கு ரோமையைக் காட்டித் தப்பலாம். இங்கே அப்படித் தப்ப முடியாது. தலைமைப் பொறுப்பிலும் பயிற்சி இல்லத்திலும் தலித் சகோதரியர் எத்தனை பேர் என்ற கணக்கை ஒவ்வொரு சபையும் வெளியிடலாமே.

அரசும் இதில் கைகழுவ முடியாது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை கிறித்தவரான தலித்துகளைப் பட்டியல் சாதியினராக ஏற்பதில்லை. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் திறந்த கதவு இவர்களுக்கு மூடியே கிடக்கிறது. ஆணையைத் திருத்தக் கோரித் தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் நிறைவேற்றியது. இதன் விளைவு கண்கூடு: அருந்ததியர் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த பெண்ணுக்கு 2009இன் 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு கிடையாது. அவர் துறவு சபையில் சேர்ந்து, தம் மக்களுக்காகவே ஊருக்குள் சென்று, அங்கே சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தப்பட்டால், 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அவருக்கு இல்லை. அவரை இழிவுபடுத்தியவருக்கு மட்டும் அவர் எந்தச் சாதி என்பதில் ஐயமே இருப்பதில்லை.