நிழலில் ஒரு பச்சைத் தரை

"நிழலின் அருமை வெயிலில் தெரியும்" என்பார்கள். சித்திரை, வைகாசியில் ஹைதராபாதில் குடித்தனம் நடத்தும் நமக்கு இந்தப் பழமொழியை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அதே நிழலில் புல் முளைக்காது என்பது, செகந்திராபாத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நான் கற்றுக்கொண்ட பாடம். அப்பா வைத்த வேப்பமரம் இன்று கொல்லை முழுவதையும் மூடி நிற்கிறது. அருகம்புல்கூட அதன் அடியில் தங்கவில்லை. நான்கு வருஷங்களுக்கு முன், பேத்தி ஓடி விளையாடட்டும் என்று செயற்கைப் புல் விரித்தோம்.

செயற்கைப் புல் பிரபலமானதே நிழலால்தான் என்பதை அன்பர்கள் அறிந்தால் வியப்படைவார்கள். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1965-ல் திறக்கப்பட்ட ஆஸ்ட்ரோடோம் என்ற கூரையிட்ட மைதானத்தில் முதலில் நிஜப் புல்தான் இருந்தது. கூரை வழியே வந்த வெளிச்சத்தின் கூச்சத்தில் பந்து தெரியவில்லை என்று ஆட்டக்காரர்கள் முறையிட, கூரைக்கு வர்ணம் பூசினார்கள். வெளிச்சம் குறைந்ததும் புல் செத்தது. 1966-ல் அங்கே செயற்கைப் புல் வந்தது. பத்தே வருஷத்தில், 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில், ஹாக்கியும் செயற்கைத் தரைக்கு மாறியது. இந்தியா ஏழாவது இடத்துக்குப் போனது. 1980-ல் மாஸ்கோவில் அதே மாதிரித் தரையில் தங்கம் வென்ற அணிக்குத் தலைவர் நம் தமிழகத்தின் பாஸ்கரன்!

எங்கள் கதைக்கு வருவோம். சென்ற ஆவணி மாதம், விடாத தூறல். பூஜைக்குப் பூப்பறிக்கப் போன அம்மா, அந்தப் பச்சைத் தரையில் வழுக்கி விழுந்தாள். எண்பத்தொரு வயதில் மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறு வாரம் கட்டு. புல் விரித்தவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "மரத்தை எடுத்துடுங்க சார், வெயில் பட்டா சரியாயிடும்" என்றார். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது: "அது உங்கப்பா வெச்ச மரம்டா. வேணும்னா புல்லைத் தூக்கிப் போடு!" மேலும், 2002-ல் வந்த நிலம், நீர், மரங்கள் சட்டப்படி இங்கே அனுமதியின்றி மரம் வெட்டவும் முடியாது.

சரி, குற்றம் யாருடையது என்று ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தோம். அடியில் சேறு! இந்த ஊர் கருங்கல் பாறைமேல் உட்கார்ந்திருக்கிறது. பல மனைகளில் மண் கொஞ்சம்தான், விழும் நீர் சட்டென்று உள்ளே இறங்காது. புல் விரிப்பின் முதுகில் நீர் வடியச் சிறு துளைகள் உண்டு. வேப்பிலைச் சருகு மக்கி அவற்றை அடைத்திருந்தது. வெயிலில் இருக்கும் விரிப்புக்கு எதிரி சூடும் நிறம் மங்குவதும். நிழலில் அந்தத் தொல்லை குறைவு. ஈரமும் பாசியும்தான் பகை.

உங்கள் வீட்டிலும் இப்படியானால் முதலில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். அரைமணி கழித்தும் தேங்கி நின்றால், மேலே எவ்வளவு கழுவினாலும் பயனில்லை. விரிப்பை எடுத்து, சேற்றை வழித்து, ஜல்லியும் கல்தூளும் போட்டுத் திமிசால் இடித்து, மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு கொடுங்கள்.

பாசிக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து தெளித்து, சற்று ஊறவிட்டு, நைலான் பிரஷ்ஷால் புல்லின் சாய்வுக்கு எதிராகத் தேய்த்துக் கழுவலாம். முதலில் ஒரு மூலையில் சோதித்துப் பாருங்கள். கம்பி பிரஷ் வேண்டாம். வினிகருடன் பிளீச்சிங் பவுடரை ஒருபோதும் சேர்க்காதீர்கள், விஷவாயு கிளம்பும்.

கிழிந்த இடத்தை ஒட்டுப்போட, விரித்தபோது மிஞ்சிய துண்டைப் பத்திரமாக வைத்திருப்பது நல்லது. பழுதைச் சதுரமாக, பின்பக்கத்திலிருந்து வெட்டி எடுங்கள். புதுத் துண்டின் இழைகளும் பழையதன் இழைகளும் ஒரே பக்கம் சாய வேண்டும். இல்லாவிட்டால் வேட்டியில் போட்ட ஒட்டுப்போலப் பளிச்சென்று தெரியும். அடியில் இணைப்புப் பட்டை வைத்து, நீர் தாங்கும் பசை தடவி, மேலே செங்கல் அடுக்கி ஒரு நாள் விட்டுவிடுங்கள். மழைக்காலத்தில் இந்த வேலை வேண்டாம்; ஈரத்தில் பசை சரியாகப் பிடிக்காது.

அன்றாடப் பராமரிப்பு சுலபம். சருகை வாரம் இருமுறை பெருக்குங்கள். பங்குனியில் வேம்பு இலை உதிர்க்கும்போது தினமும். போர்வெல் நீர் உப்பானால் வெள்ளைப் படிவு வரும். கடைசியில் ஒருமுறை நல்ல தண்ணீரால் அலசுங்கள். அகல் விளக்கும் மத்தாப்பும் அருகில் கூடவே கூடாது. அது பிளாஸ்டிக், உருகிவிடும். உதிரும் இழைகளைக் கூட்டிக் குப்பையில் போடுங்கள், சாக்கடையில் அல்ல. மைதானங்களில் தூவும் பிளாஸ்டிக் குருணைக்கு ஐரோப்பிய யூனியன் 2023-ல், எட்டு ஆண்டு அவகாசத்துடன், தடை விதித்திருப்பது இந்தக் கவலையால்தான்.

ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும், மழைநாளில் அம்மா அதன்மேல் நடப்பதை என் மனம் ஒப்பவில்லை. ஆகவே பின்வாசலிலிருந்து செம்பருத்திச் செடி வரை விரிப்பை வெட்டி எடுத்துவிட்டு, சொரசொரப்பான ஷாபாத் கல் பதித்தோம். மீதியில் பேத்தி ஆடுகிறாள். கட்டுப் பிரித்த கையால் அம்மா அந்தக் கல்லில் தினமும் சின்னதாய் ஒரு கோலம் போடுகிறாள். மரமும் இருக்கிறது, நிழலும் இருக்கிறது.

வயதானவர்கள் உள்ள வீட்டார் புல் விரிக்குமுன், நடக்கும் வழியை முதலில் ஒதுக்கிவிடுங்கள். நாங்கள் விழுந்த பிறகு கற்றதை நீங்கள் விழாமலே கற்றுக்கொள்ளலாமே!