பாடநூல் சொல்லாமல் விட்ட மாதவிடாய்ப் பாடம்

தமிழ்நாட்டின் எட்டாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் 'வளரிளம் பருவமடைதல்' என்னும் பாடம் உண்டு. பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கம் குறித்த பாடம் மீண்டும் வருகிறது. ஆகவே, பள்ளிகளில் மாதவிடாய் பற்றி எதுவும் கற்பிக்கப்படுவதில்லை என்று கூற இயலாது. குறை வேறிடத்தில் உள்ளது. எட்டாம் வகுப்பு மாணவியின் வயது ஏறத்தாழ 13. பல சிறுமியர் அதற்கு முன்னரே பூப்பெய்திவிடுகின்றனர். பாடம் நடத்தப்படும்போதும் கருப்பையின் படமும் ஹார்மோன்களின் பெயர்களும் தேர்வுக்குரியனவாகவே மனத்தில் பதிகின்றன. எவ்வளவு இரத்தப்போக்கு இயல்பானது, எவ்வளவு வலி இயல்பானது, எப்போது மருத்துவரை நாட வேண்டும் என்னும் மூன்று வினாக்களுக்கு விடை அறியாமலேயே பல மாணவியர் பள்ளியை விட்டு வெளியேறுகின்றனர்.

அந்த விடைகளை இல்லத்திலும் பெறுவது எளிதன்று. "எனக்கும் இப்படித்தான் இருந்தது, திருமணமானால் சரியாகிவிடும்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் மறுமொழி. இதில் ஓர் இடர் மறைந்துள்ளது. இரத்தம் உறைவதில் உள்ள சில பிறவிக் குறைபாடுகள் தாயிடமிருந்து மகளுக்கு வரக்கூடியவை. தாய்க்கும் மகளுக்கும் ஒரே அளவு மிகையான போக்கு இருப்பின், அக்குடும்பத்தில் அதுவே இயல்பெனக் கருதப்படும். நோயின் அறிகுறி, குடும்ப வழக்கமாகத் தோற்றமளிக்கும்.

கெட்ட இரத்தம் என்பது இல்லை

ஒவ்வொரு மாதமும் கருவை ஏற்பதற்காகக் கருப்பையின் உட்படலம் தடிக்கிறது. கரு உருவாகாதபோது ஹார்மோன்களின் அளவு குறைந்து, அப்படலம் சிதைந்து இரத்தத்துடன் வெளியேறுகிறது. அந்த இரத்தம் உடலெங்கும் ஓடும் அதே இரத்தம்தான். அதனைக் கெட்ட இரத்தம் என்று எண்ணுவோர், போக்கு மிகுந்தால் உடல் தூய்மையடைகிறது எனத் தேறுதல் கொள்கின்றனர். உண்மையில், வெளியேறும் இரத்தத்தோடு உடலின் இரும்புச்சத்தும் வெளியேறுகிறது.

இயல்பான அளவு எது?

முதல் நாள் போக்கிலிருந்து அடுத்த மாதவிடாயின் முதல் நாள் வரை கணக்கிட வேண்டும். வயது வந்த பெண்களுக்கு இது 24 முதல் 38 நாள்கள் வரை இருக்கலாம். பாடநூலின் 28 நாள் ஒரு சராசரி மட்டுமே. பூப்பெய்திய முதல் சில ஆண்டுகளில் 21 முதல் 45 நாள்கள் வரை மாறுபடுவதும் இயல்பே.

ஒரு மாதவிடாயில் பொதுவாக 30 முதல் 40 மில்லிலிட்டர் இரத்தம் வெளியேறுகிறது. 80 மில்லிலிட்டருக்கு மேற்பட்டால் அது மிகையான போக்கு. இதனை எவரும் அளந்து பார்ப்பதில்லை; ஆயினும் கீழ்க்காணும் அடையாளங்கள் போதுமானவை:

• ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்திற்கொரு முறை நாப்கின் முழுதும் நனைதல்
• இரவில் மாற்றுவதற்காக உறக்கம் கலைந்து எழ நேர்தல்
• பத்து ரூபாய் நாணயத்தை விடப் பெரிய இரத்தக் கட்டிகள்
• ஏழு நாள்களுக்கு மேல் நீடிக்கும் போக்கு

2019–21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசிய குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையோர். உணவுக் குறைபாடு, குடற்புழு எனக் காரணங்கள் பல; மிகையான மாதவிடாயும் அவற்றுள் ஒன்று. படிக்கட்டு ஏறும்போது மூச்சு வாங்குதல், ஓயாத சோர்வு, படிப்பில் கவனக் குறைவு ஆகியவற்றைச் சோம்பல் என்று கடிந்துகொள்வதற்கு முன், ஹீமோகுளோபின் அளவைப் பரிசோதிக்க வேண்டும். கருவுறாத பெண்ணுக்கு அது 12 கிராமுக்குக் குறைவாக இருந்தால் இரத்தசோகை உண்டென்று பொருள்.

மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை பரிந்துரைத்தால், அதனை உட்கொள்ளும் வேளையில் தேநீர், காப்பி தவிர்க்கவும். மலம் கருமையாகக் கழிவது கண்டு அஞ்ச வேண்டா. அது மாத்திரையின் விளைவே. உடல் தேறிவிட்டது எனக் கருதி இடையில் நிறுத்திவிடுதல் கூடாது.

வலியைப் பொறுத்தல் கடமையா?

கருப்பை சுருங்குவதற்குக் காரணமான புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருளே வலியை உண்டாக்குகிறது. முதல் ஓரிரு நாள்கள் அடிவயிற்றில் தோன்றி, வெந்நீர் ஒத்தடத்திற்கோ மருத்துவர் பரிந்துரைத்த வலி மாத்திரைக்கோ அடங்கும் வலி இயல்பானது. மாதந்தோறும் பள்ளியையோ பணியையோ விட்டுப் படுக்கச் செய்யும் வலி இயல்பன்று. கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் என்னும் நோய், இனப்பெருக்க வயதுப் பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு உண்டு என உலக சுகாதார நிறுவனம் தெரிவிக்கிறது. வலியை இயல்பென்று ஒதுக்குவதால் இந்நோய் கண்டறியப்படாமலேயே பல ஆண்டுகள் கடந்துவிடுகின்றன.

தயங்காமல் வர வேண்டிய தருணங்கள்

15 வயது நிறைந்தும் பூப்பெய்தாத நிலை. மூன்று மாதங்களாக மாதவிடாய் வராத நிலை. மாதவிடாய்களுக்கு இடையே அல்லது உடலுறவுக்குப் பின் இரத்தப்போக்கு ஆகியவற்றிற்கு மருத்துவ ஆலோசனை தேவை. மாதவிடாய் முற்றிலும் நின்று ஓராண்டுக்குப் பின் ஒரு துளி இரத்தம் தென்படினும் பரிசோதனை கட்டாயம். அது கருப்பைப் புற்றுநோயின் தொடக்க அறிகுறியாகவும் இருக்கலாம். மணிக்கொரு நாப்கின் நனைவதுடன் மயக்கம் ஏற்பட்டாலும், மாதவிடாய் தள்ளிப்போன பெண்ணுக்குக் கடும் வயிற்றுவலியும் இரத்தப்போக்கும் ஏற்பட்டாலும், அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வரவும்.

திருமணமாகாத மகளை மகளிர் மருத்துவரிடம் அழைத்துச் செல்லப் பல பெற்றோர் தயங்குகின்றனர். பெரும்பாலும் விவரங்களைக் கேட்டறிதல், இரத்தப் பரிசோதனை, வயிற்றின் மேற்புறமாகச் செய்யும் ஸ்கேன் ஆகியவையே போதுமானவை. உட்பரிசோதனை பொதுவாகத் தேவைப்படுவதில்லை.

வரும்போது ஒரு நாட்காட்டியையும் உடன் கொண்டு வாருங்கள். கடந்த மூன்று மாதங்களில் போக்கு தொடங்கிய நாள், நின்ற நாள், நாளொன்றுக்கு மாற்றிய நாப்கின்களின் எண்ணிக்கை, வலி மிகுந்த நாள்கள் ஆகியவற்றை அதில் குறித்திருந்தால், நோயறிதல் எளிதாகும். இக்குறிப்பைத் தந்தையும் சகோதரனும் அறிந்திருப்பதில் தவறில்லை. மயங்கி விழும் நாளில் அவளை மருத்துவமனைக்கு அழைத்து வர வேண்டியவர் அவர்களாகவும் இருக்கலாம்.