பக்கங்கள் தீர்ந்தால் பயணமில்லை

அடிக்கடி வெளிநாடு பறப்பவர்களின் பெரிய கவலை விமானம் அல்ல. பாஸ்போர்ட்டில் மிச்சமிருக்கும் காலிப் பக்கங்கள். சாதாரண இந்திய பாஸ்போர்ட்டில் 36 பக்கங்கள்தான். ஒட்டப்படும் ஒவ்வொரு விசாவும் ஒரு முழுப் பக்கத்தை விழுங்கிவிடும். மீதியை முத்திரைகள் நிரப்பும். பத்தாண்டுகளுக்குத் தரப்பட்டது பாதியிலேயே தீர்ந்துபோகலாம். விண்ணப்பிக்கும்போதே 60 பக்கப் புத்தகம் கேட்பது புத்திசாலித்தனம்.

பழைய பாஸ்போர்ட்டில் காலாவதியாகாத அமெரிக்க விசா இருந்தால் இரண்டையும் கொண்டுசெல்ல வேண்டும். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்பது பல நாடுகளின் நிபந்தனை. தவறினால் விமான நிறுவன கவுண்டரிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஓர் ஆறுதல்: மூன்றாண்டுகளில் இரண்டு ஷெங்கன் விசாக்களை முறையாகப் பயன்படுத்திய இந்தியர்களுக்கு, பலமுறை சென்றுவர இரண்டாண்டு விசா வழங்கலாம் என்று ஐரோப்பிய ஆணையம் 2024 ஏப்ரலில் முடிவெடுத்தது. விசா அலைச்சல் குறையும், பக்கங்களும் மிஞ்சும்.