முப்பது வயதிலும் முகப்பரு ஏன்?

பருவ வயதுப் பிள்ளைகளின் முகத்தில் பரு தோன்றுவதை நம்மில் யாரும் பெரிதாகக் கருதுவதில்லை. "வயது அப்படி, தானே போய்விடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லி அமைவர். பெரும்பாலோருக்கு அது அவ்வாறே போயும் விடுகிறது. ஆனால், இருபத்தைந்து வயதைக் கடந்து, மணமாகிப் பிள்ளை பெற்ற பின்னரும், மோவாயிலும் தாடை ஓரத்திலும் வலியுடன் கூடிய கட்டிப் பருக்கள் மாதந்தோறும் எழும்புமாயின், அதற்கு அந்தப் பழைய சமாதானம் பொருந்தாது.

அண்மையில் பேராக் மாநிலத் தோட்டமொன்றில் சுகாதார விளக்கக் கூட்டம் முடிந்து, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். பால்மரம் வெட்டும் சகோதரி ஒருவர், எல்லாரும் கலைந்து செல்லும்வரை காத்திருந்து அருகில் வந்தார். வயது முப்பத்து நான்கு. முந்தானையால் முகத்தின் கீழ்ப்பகுதியை மூடியபடியே பேசினார். "சார், சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற பரு எனக்கு இன்னும் போகவில்லையே, ஏன்? ரத்தம் கெட்டுப்போய்விட்டது என்கிறார்கள்" என்றார். தம் தங்கையின் திருமணத்தில்கூட முன்வரிசையில் நிற்கவில்லை என்றும் சொன்னார். பிறகு மடியிலிருந்து ஒரு சிறு டப்பாவை எடுத்துக் காட்டினார். இரவுச் சந்தையில் வாங்கிய முகப்பூச்சு அது. அதன்மீது செய்தவர் பெயரும் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்ற விவரமும் இல்லை.

அச்சகோதரிக்கு அன்று சொன்னவற்றையும், சொல்ல நேரமில்லாது விட்டவற்றையும் இங்கே விரிவாகக் கூறுகிறேன்.

முதலில் ஒன்று: பரு, இரத்தம் கெட்டதால் வருவதன்று, அழுக்கினால் வருவதுமன்று. ஆகவே, நாளுக்கு ஐந்து முறை சவர்க்காரம் போட்டுத் தேய்ப்பதனால் அது போகாது. தோல் புண்ணாகி மேலும் சிவக்கும்.

நம் தோலில் ஒவ்வொரு மயிர்க்காலின் பக்கத்திலும் ஒரு நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பி உண்டு. அது சுரக்கும் எண்ணெய் ஒரு சிறு துவாரத்தின் வழியே வெளிவந்து தோலை மென்மையாக வைத்திருக்கிறது. மரத்தின் வெட்டுக் கோட்டில் பால் உறைந்து கிடந்தால், மறுநாள் காலையில் அதை இழுத்துப் போட்ட பிறகுதானே நாம் உளியை வைக்கிறோம்? அதைப் போலவே, தோலின் துவாரத்திலும் இறந்த செல்கள் எண்ணெயுடன் கலந்து உறைந்து வாயை அடைத்துவிடுவதுண்டு. தோலுக்கு உறைவை இழுத்துப்போட ஆளில்லை. அடைபட்ட இடத்தில் எண்ணெய் தேங்குகிறது. எப்போதும் தோலில் வாழும் ஒருவகை நுண்கிருமி அங்கே பெருகுகிறது. உடல் அதை எதிர்க்கும்போது வீக்கமும் சீழும் வலியும் உண்டாகின்றன.

இந்தச் சுரப்பிகளுக்குக் கட்டளையிடுவது ஆண்ட்ரோஜன் எனப்படும் ஹார்மோன் வகை. இதை ஆண்களுக்குரிய ஹார்மோன் என்று சொல்வது வழக்கமாயினும், பெண்ணின் உடலிலும் சினைப்பைகளும் அட்ரினல் சுரப்பிகளும் சிறு அளவில் இதைச் சுரக்கின்றன. மாதவிலக்குக்குச் சில நாள் முன்பு பரு கூடுவது பலரும் கண்ட அனுபவம். இரத்தத்தில் ஆண்ட்ரோஜனின் அளவு சரியாகவே இருந்தும், எண்ணெய்ச் சுரப்பிகள் அதற்கு மிகையாக இணங்குவதால் பரு வருவோரே பலர். எனவே, சோதனையில் 'எல்லாம் சரி' என்று வந்துவிட்டால், நோய் கற்பனை என்று பொருளாகாது.

அச்சகோதரியிடம் நான் இன்னொன்றும் கேட்டேன். ஆண் ஒருவன் கேட்கலாமா என்ற தயக்கத்துடன்தான் கேட்டேன். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்பது அக்கேள்வி. இரண்டு மாதம், மூன்று மாதம் தள்ளிப் போவதுண்டு என்றார். முதல் பிள்ளைக்கு ஏழு வயது, அடுத்தது தங்கவில்லை. அதற்காக வீட்டில் கேட்கும் சொற்களைப் பற்றி அவர் விரிவாகச் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

பருவும் மாதவிலக்குத் தள்ளிப்போதலும் ஒருவரிடமே சேர்ந்து காணப்படின், சினைப்பை நீர்க்கட்டி நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1935-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருத்துவர்களான ஸ்டெய்ன், லெவந்தால் இருவரும் இதனை விவரித்து எழுதினர். பிள்ளை பெறும் வயதுடைய பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இது உண்டு என மதிப்பிடப்படுகிறது. அவர்களுள் பெரும்பாலோர் தமக்கு இஃது இருப்பதை அறியாதவர்கள். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. இது புற்றுநோயன்று, அறுத்தெடுக்க வேண்டிய கட்டியுமன்று. சினைப்பையில் முற்றாமல் நின்றுபோன முட்டைப் பைகளே ஸ்கேன் படத்தில் சிறு நீர்க்கட்டிகளாகத் தெரிகின்றன. மோவாயிலோ மேலுதட்டிலோ தடித்த முடி வளர்தல், உச்சந்தலையில் முடி உதிர்தல், உடல் பருத்தல், பிடரித் தோல் கறுத்துத் தடித்தல் ஆகியவையும் இதன் அடையாளங்களாகலாம். எல்லாருக்கும் எல்லாமும் தோன்றுவதில்லை.

இந்நோயைக் கண்டறிவது முகத்தழகுக்காக மட்டுமன்று. இந்நோயுள்ள பெண்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம். நம் நாட்டில் இந்திய வம்சாவளியினரிடையே நீரிழிவு மிகுதி என்பதைத் தேசிய சுகாதார ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே, முகத்தில் தோன்றும் பருவே சில பெண்களுக்கு முன்னறிவிப்பாக அமைகிறது. முறையான சிகிச்சை பெற்றுப் பிள்ளைப்பேறு அடைந்தவர்கள் பலர். இதை ஒரு மருத்துவர் சொல்லும் முன்பே, அண்டை அயலார் ஒரு பெண்ணுக்குப் பட்டம் சூட்டிவிடுவது எவ்வளவு கொடுமை!

இனி அந்த டப்பாவுக்கு வருவோம். பூசிய முதல் இரண்டு வாரம் முகம் பளபளத்ததாகவும், பரு அடங்கியதாகவும், நிறுத்தியவுடன் இருமடங்காகக் கிளம்பியதாகவும் அவர் சொன்னார். இத்தகைய பூச்சுகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதற்கு இஃது ஓர் அறிகுறி. ஸ்டீராய்டு வீக்கத்தை உடனே அமுக்கும். நாள் செல்லச் செல்லத் தோலை மெலிவித்து, அதுவே புதிய பருக்களையும் உண்டாக்கும். சில பூச்சுகளில் பாதரசமும் சேர்க்கப்படுகிறது. அது தோல் வழியாக உடலில் புகுந்து சிறுநீரகத்தையும் நரம்புகளையும் கெடுப்பது. தாயின் கையிலிருந்தும் தலையணையிலிருந்தும் குழந்தைக்கும் சேர்வது. பாதரசம், ஹைட்ரோகுவினோன், பீட்டாமெத்தசோன் போன்றவை கலந்த அழகுப் பொருள்களைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமை அவ்வப்போது கண்டுபிடித்து, தடைசெய்து, பெயருடன் அறிவித்து வருகிறது. நம் நாட்டில் முறைப்படி அறிவிக்கப்பட்ட அழகுப் பொருளுக்கு என், ஓ, டி என்னும் எழுத்துகளில் தொடங்கும் எண் உண்டு. பதிவு பெற்ற மருந்துக்கு எம், ஏ, எல் எனத் தொடங்கும் எண் உண்டு. எண் இருப்பதனால் மட்டும் பொருள் நல்லதாகிவிடாது. எண்ணே இல்லாததை வாங்கவே கூடாது.

சிகிச்சை என்ன? இலேசான பருவுக்கு பென்சாயில் பெராக்சைடு என்னும் பூச்சு மருந்து பயன்படும். 2.5 அல்லது 5 விழுக்காடு போதும்; 10 விழுக்காட்டினால் எரிச்சல்தான் கூடும். அது துணியின் சாயத்தை வெளுக்கச் செய்யும். தலைத்துணியும் தலையணை உறையும் கவனம். துவார அடைப்பை நீக்க அடபலீன் என்னும் பூச்சை இரவில் ஒரு பட்டாணி அளவு எடுத்து, பருவின்மேல் மட்டுமின்றிப் பரு வரும் இடம் முழுவதும் மெல்லத் தடவ வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இது கூடாது. அசிலாயிக் அமிலப் பூச்சு கர்ப்பகாலத்திலும் பயன்படுத்தத் தக்கது. பரு ஆறிய பின் நம் போன்ற மாநிறத்தோர் முகத்தில் நிற்கும் கருந்தழும்பையும் அது மங்கச் செய்யும்.

எந்தப் பூச்சாயினும் பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். பத்தே நாளில் "இது சரியில்லை" என்று எறிந்துவிட்டு அடுத்த டப்பாவைத் தேடுவதுதான் நம்மிடம் உள்ள பெருங்குறை.

ஹார்மோன் வழியாக வரும் பருவுக்கு மருத்துவர் உள்மருந்தும் கொடுப்பதுண்டு. இரண்டு ஹார்மோன்கள் சேர்ந்த கருத்தடை மாத்திரை அவற்றுள் ஒன்று. இரத்த அழுத்தம், இரத்தக் கட்டு, கண்முன் ஒளி தோன்றிவரும் ஒற்றைத் தலைவலி உடையோருக்கும், முப்பத்தைந்து வயதைக் கடந்து புகைபிடிப்போருக்கும் அது ஆகாது. மாறாக, மூன்று மாதத்திற்கொருமுறை போடும் கருத்தடை ஊசி சிலருக்குப் பருவை மிகுவிக்கலாம். அதைப் போட்டுக்கொள்வோர் தாமாக நிறுத்தாமல் தாதியிடம் சொல்ல வேண்டும். மற்றொன்று ஸ்பைரோனோலாக்டோன். இரத்த அழுத்தத்திற்கும் இதய நோய்க்கும் நெடுங்காலமாக வழங்கப்பட்டுவரும் மாத்திரை இது. ஆண்ட்ரோஜன் சுரப்பியைத் தூண்டாதவாறு தடுப்பதால் பெண்களின் பருவுக்கும் பயன்படுகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 410 பெண்களிடம் நடத்தி 2023-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 24 வாரங்களுக்குப் பின் இம்மாத்திரை உண்டோரில் நூற்றுக்கு 82 பேர் பரு குறைந்ததாகக் கூறினர். வெற்று மாத்திரை உண்டோரில் 63 பேர் அவ்வாறு கூறினர். எனினும், கருவிலுள்ள ஆண் குழந்தையின் வளர்ச்சியை அது பாதிக்கலாம் என்பதால், கருத்தரிக்க விரும்புவோர் உண்ணலாகாது.

தழும்பு உண்டாக்கும் கடும் பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் என்னும் வலிய மருந்து உண்டு. கருவிலுள்ள குழந்தைக்குக் கடும் ஊனத்தை விளைவிக்கும் மருந்து அது. உண்ணும் காலம் முழுவதும், நிறுத்திய பின் ஒரு மாதம் வரையிலும் கருத்தடை கட்டாயம். தோல் நிபுணரின் கண்காணிப்பில் உண்ண வேண்டிய இதனைத் தோழியிடம் கடனாக வாங்கி உண்பது பேராபத்து.

நம் அன்றாட வழக்கங்களைப் பற்றியும் ஒரு சொல். தலையில் வழிய வழியத் தேங்காயெண்ணெய் தடவி, அதன்மேல் துணி கட்டிக் காட்டுக்குள் சென்றால், வியர்வையும் உராய்வும் சேர்ந்து நெற்றியில் பருவை வளர்க்கும். எண்ணெய் வைப்பதை இரவுக்கு மாற்றலாம். தலைத்துணியை நாள்தோறும் துவைக்கலாம். வேலை முடிந்து முகத்தை இதமான சவர்க்காரத்தால் ஒருமுறை கழுவினால் போதும். கெட்டிப்பாலும் சீனியும் மிகுந்த தேநீரைக் குறைப்பது சிலருக்குப் பருவைக் குறைக்கலாம். நீரிழிவை எண்ணினால் எல்லாருக்குமே நன்று. பருவைக் கிள்ள வேண்டாம். கிள்ளிய தழும்புக்கு மருந்து அரிது.

அச்சகோதரி, "கிளினிக்கில் போய்ப் பரு என்று சொன்னால் சிரிக்க மாட்டார்களா?" என்று கேட்டார். சிரிக்க மாட்டார்கள். பருவை மட்டும் சொல்லாமல், மாதவிலக்குத் தள்ளிப் போவதையும், அடுத்த பிள்ளை வேண்டும் என்ற விருப்பத்தையும் சேர்த்தே சொல்லும்படி அவரிடம் கூறினேன். எந்த மருந்தைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கலாகாது என்பது அதனைப் பொறுத்தே அமையும். கடைசி ஆறு மாதங்களில் விலக்கான தேதிகளை நாட்காட்டியில் குறித்து எடுத்துச் செல்ல வேண்டும். பூச்சை அன்றே நிறுத்திவிடச் சொன்னேன். ஆனால் டப்பாவை எறிந்துவிடாமல், பிள்ளைகள் கைக்கு எட்டாதவாறு பையில் கட்டிவைத்து, மருத்துவரிடம் காட்டுவதற்காக அதையும் கொண்டுசெல்லச் சொன்னேன்.